இடது கைச் சிலுவை

வாதம் வந்து வலக்கை விழுந்துபோன பிறகு இன்றுதான் மாதா கோயிலுக்கு வந்தேன். வாசலில் தீர்த்தத் தொட்டியில் இடது கையை நனைத்ததுமே அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

தேவிகுளத்துப் பக்கம் தேயிலை ஆலையில், அப்பாவின் வலக்கை இயந்திரத்தில் போய்விட்டது. புண் ஆறிய முதல் ஞாயிறு, கோயில் வாசலில் தீர்த்தம் தொட்டு இடக்கையால் சிலுவை போட்டார். பின்னால் நின்ற கங்காணி பெண்டாட்டி, "பீச்சாங்கையால ஆண்டவருக்குச் செய்யுற மரியாதையப் பாருங்கடி!" என்றாள். பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். எனக்குப் பத்து வயது. மானம் போனது போலிருந்தது.

"கைய எறக்குங்கப்பா. எல்லாரும் சிரிக்காக."

"சரி தாயி" என்று இறக்கிக்கொண்டார். அப்புறம் வீட்டுச் செபத்திலும் அந்தக் கை மடியிலேயே கிடந்தது. வாய் மட்டும் பிதா, சுதன் என்று சொல்லும்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்தார். சாமியார் மலையேறி வருமுன்பே மூச்சு இழுத்தது. என்னைப் பார்த்துக் கேட்டார்: "இப்பம் போட்டுக்கிடட்டா, தாயி?"

நான் அழுதுகொண்டே இருந்தேன். நான் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

இன்று என் இடது கை நெற்றிவரை போயிற்று. "பிதா" என்றேன். அதற்குக் கீழே கை இறங்கவில்லை.