இடது பக்கத் தகடு

போன வாரம் என் மொபெட்டின் பின்விளக்கு மூடி உடைந்துவிட்டது. மணலி சாலையில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் இரண்டு சின்னப் பசைக் குழாய்களை எடுத்து, ஓர் அட்டையில் சமமாகப் பிதுக்கி, தீக்குச்சியால் குழைத்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம், அவர் மேல் இல்லை. குழாய்கள் வந்த பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், தமிழில், ‘ஒட்டும் இடத்தில் எண்ணெய், மண்ணெண்ணெய் படியக் கூடாது’ என்று போட்டிருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவன். அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

கோபத்தோடு எழுதினால் எழுத்து ஒழுங்காக வராது என்பார்கள். வராவிட்டால் போகட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். காலடிப்பேட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரம் ஒரு பட்டறையில் தகடு வேலை செய்துகொண்டிருந்தேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள்தான் எங்களுக்குச் சோறு. காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதலில் வருவது மண்ணெண்ணெய் வாடை. எங்கள் பட்டறையில் எதைத் துடைப்பதென்றாலும் மண்ணெண்ணெய்தான். கழிவுப் பஞ்சை அதில் முக்கி இரும்பைத் துடைப்போம், கையைத் துடைப்போம், சாப்பிடப் போகுமுன் முகத்தைக்கூடத் துடைத்தவர்கள் உண்டு. ‘சுத்தம் செய்’ என்றால் எங்கள் காதில் மண்ணெண்ணெய் என்றுதான் விழும்.

வெல்டர் லாசர் ராயபுரத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஞாயிறு பூசைக்குப் போகும்போது மட்டும் வெள்ளைச் சட்டை போடுவார். மற்ற நாளெல்லாம் வாய் ஓயாது. நான் நேர்மாறு. யாராவது நான்கு பேர் சேர்ந்து பார்த்தால் என் பெயரே எனக்கு மறந்துவிடும். அதனால்தானோ என்னவோ, அவர் பக்கத்திலேயே நின்றுகொள்வேன்.

ஒரு நாள் முதலாளியின் மகன் ஒரு பெரிய மரப்பெட்டியை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். கப்பலில் வந்த கார். முழுக் கார் இல்லை, துண்டு துண்டாக. நாமே சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டியது. இஞ்சின் மட்டும் நம் ஊர்ப் பழைய காருடையது. சோழவரத்தில் ரேஸ் ஓட்ட வேண்டும் என்பது சின்ன முதலாளியின் ஆசை.

கட்டி முடித்து முன்பக்கம் ஒரு மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கினோம். அந்த மூலை எழுந்தது. முன்பக்கத்தின் மறு மூலை தரையிலேயே கிடந்தது. காரின் எலும்பான குழாய்ச் சட்டம் ஈரத்துணி பிழிவது போல முறுக்கியது. இப்படி முறுக்கினால் திருப்பத்தில் கார் சொன்ன பேச்சைக் கேட்காது.

“நாலு குறுக்குக் குழாய் வெச்சி வெல்டு அடிச்சா கல்லு மாதிரி நிக்கும் சார்” என்றார் லாசர்.

கனம் கூடிவிடும் என்று சின்ன முதலாளி மறுத்துவிட்டார். இரண்டு டப்பாக்களைக் கொண்டுவந்து வைத்தார். குழாய்களின் மேல் இரண்டு பக்கமும் அலுமினியத் தகட்டை இந்தப் பசையால் ஒட்டி, பசை இறுகும்வரை பிடித்துக்கொள்ள ரிவெட் ஆணி அடிக்க வேண்டும். விமானமே இப்படித்தான் கட்டுகிறார்கள் என்றார். ஒரு டப்பாவில் தேன் மாதிரி இருந்தது. இன்னொன்றைத் திறந்ததும் மீன் நாற்றம் அடித்தது; லாசர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா சார், காசிமேடே டப்பாக்குள்ள பூந்துகினு வந்துக்கீது?”

எல்லோரும் சிரித்தார்கள். சின்ன முதலாளி சிரிக்கவில்லை.

“மாமு, கல்யாணப் பத்திரிகை ஒட்றோமா, காரு கட்றோமா?” என்று லாசர் என்னிடம் ஒரு கேள்வி வேறு கேட்டார். அந்த இரண்டு கேலிகளுக்கும் அந்த மனிதர் கொடுத்த விலை கொஞ்சமில்லை.

வலது பக்கம் லாசர் ஒட்டினார். உப்புத்தாளால் தேய்த்து, சின்ன முதலாளி கொடுத்த ஸ்பிரிட்டால் துடைத்து, கண்ணாடிப் பலகையில் பசையைக் குழைத்துத் தடவினார். கேலி பேசினாரே தவிர வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. அடுத்தது இடது பக்கம், என்னுடையது. பசையைக் குழைத்துவிட்டேன். அரை மணியில் பூசாவிட்டால் இறுகிவிடும். பலகை அடியில் கை வைத்தால் ஏற்கெனவே சூடு. துடைக்கலாம் என்று ஸ்பிரிட் புட்டியைக் கவிழ்த்தால் காலி.

சின்ன முதலாளி அலுவலக அறையில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, இரண்டு தடவை தொண்டையைச் செருமி, “சார், ஸ்பிரிட் தீந்துபோச்சு” என்றேன். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, “எதையாவது போட்டுத் தொடைடா” என்றார்.

எதையாவது. பட்டறையில் இருந்த எதையாவது எது என்பது அவருக்குத் தெரியாதா? டப்பாவின் மேல் ஆங்கிலத்தில் எல்லாம் போட்டிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர். நான் போய்ப் பஞ்சை மண்ணெண்ணெயில் முக்கித் தகட்டைத் துடைத்தேன்.

ஒரு நாள் முழுக்கக் காரைத் தொடாமல் வைத்திருந்துவிட்டு ஜாக்கி வைத்தோம். ஒரு மூலையைத் தூக்கியதும் மறு மூலையும் கூடவே எழுந்தது. லாசர் காதில் இருந்த பீடியை எடுத்து எனக்குக் கொடுத்தார். “கோந்துக்கு ஒரு சலாம் வெச்சிடலாம் நைனா. நான் சொன்னது தப்பு.” அதை என்னிடம்தான் சொன்னார். சின்ன முதலாளி காதில் விழவில்லை.

மூன்றாம் தடவை ஓட்டிப் பார்த்தபோது, எண்ணூர் சாலைத் திருப்பத்தில் இடது பக்கத் தகடு ரிவெட்டுகளை அறுத்துக்கொண்டு பிரிந்தது. கார் பள்ளத்தில் இறங்கியது. சின்ன முதலாளிக்கு மணிக்கட்டு முறிந்தது. கட்டோடு பட்டறைக்கு வந்து அப்பாவிடம் சொன்னார்: “வேணும்னே பண்ணியிருக்கான்ப்பா இந்த லாசர். மொதல் நாள்லேருந்து கேலி பண்ணிக்கிட்டே இருந்தான். கேட்டுப் பாருங்க.”

ஸ்பிரிட் கேட்டு வாசலில் நின்றவன் நான் என்பதை அவர் மறந்தாரோ மறைத்தாரோ, தெரியாது. கேலி செய்தது உண்மைதானே. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

தகடு தரையில் கிடந்தது. பசை குழாயோடு நின்றுவிட்டிருந்தது. தகட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. லாசர் அதை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ‘இடது பக்கம் நான் ஒட்டினது’ என்ற நான்கு சொல் எனக்கு வரவில்லை. அவர் தகட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். வெல்டிங் கண்ணாடியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டார்களா? திருவொற்றியூரிலிருந்து தண்டையார்ப்பேட்டை வரை எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை. ‘கோந்து லாசர்’ என்று பெயர். முதலாளி காரையே கவிழ்த்தவன் என்று கதை. அப்படிச் சுத்தமாக வெல்டிங் கம்பி பிடிக்கும் கை, துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனது.

ஆறு மாதம் கழித்து ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போய், வாசலிலேயே கொட்டிவிட்டேன்.

“மோந்தப்பவே தெரியும்” என்றார்.

“அப்ப ஏன்ண்ணா சொல்லலை?”

“நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்.” பிறகு உள்ளே திரும்பி, “யம்மா, தம்பிக்கு ஒரு டீ போடு” என்றார்.

டீயைக் குடித்தேன். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன். முதலாளியிடம் அப்போதாவது சொன்னேனா? இல்லை. காரின் இடது பக்கத்தை ஸ்பிரிட்டால் துடைத்து நானே மறுபடி ஒட்டினேன். அது பிரியவே இல்லை. அடுத்த வருடம் சோழவரத்தில் சின்ன முதலாளி ஒரு கோப்பை வாங்கினார். அலுவலக அறையில் படம் மாட்டினார். அந்தப் படத்துக்குக் கீழே இன்னும் எட்டு வருடம் சம்பளம் வாங்கினேன். அவர் மேல் எவ்வளவு கோபமோ, அதற்கு ஒரு பிடி அதிகம் என் மேல்.

லாசர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரிய முதலாளி இல்லை. சின்னவர் எந்த நாட்டிலோ இருக்கிறார். தலையாட்டிய பத்துப் பேரில் ஒருவரைக்கூட எனக்குத் தெரிந்து காணோம். பட்டறை இருந்த இடத்தில் கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பின்விளக்கு ஒட்டிய அன்று அங்கே போனேன். கேட்டில் ஒரு வாட்ச்மேன், வந்துபோகும் வண்டிகளைக் குறிக்கும் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். இங்கே ஒரு பட்டறை இருந்தது, ஒரு கார் பள்ளத்தில் இறங்கியது, அதற்கு லாசர் காரணமில்லை, தகட்டை ஒட்டியது நான் என்று நின்றபடியே சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

அவர் பேனாவைத் திறந்தார்.

“வண்டி நம்பர் இன்னா சார்?”