மானிட்டர் கறுத்த மத்தியானம்

கடலூர் முதுநகரில் நான் கல்யாண போட்டோகிராபர். திருவந்திபுரத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தின் படங்களை, மெமரி கார்டிலிருந்து காப்பி செய்யாமல் 'கட்' செய்து கம்ப்யூட்டரில் ஏறவிட்டுச் சாப்பிடப் போனேன். அப்படிச் செய்தால் ஏறிய படம் கார்டில் இருக்காது.

திரும்பி வந்தால் மானிட்டர் கறுத்துக் கிடந்தது. மவுஸை அசைத்தும் திரை வரவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஃபேன் மட்டும் ஓடியது. மெமரி கார்டை கேமராவில் போட்டுப் பார்த்தேன். பாதிப் படங்களைக் காணோம்.

அந்த நேரம் பார்த்து மணப்பெண் போன் செய்தாள். கல்யாணத்துக்கு மறுநாளே அவள் அப்பா மாரடைப்பில் இறந்திருந்தார்.

"அண்ணே, அப்பா என் கையப் புடிச்சுக் குடுக்கற போட்டோ மட்டும் மொதல்ல அனுப்புறீங்களா?"

"அனுப்புறேம்மா" என்றேன்.

சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மைத்துனனைக் கூப்பிட்டேன். "சும்மா சும்மா ஆன் பண்ணிப் பாக்காதீங்க மாமா. அப்படியே எடுத்தாந்துடுங்க" என்றான். பஸ்ஸில் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் பதறியபடி போனேன்.

அவன் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் வயரை நேராகக் கம்ப்யூட்டர் போர்டிலேயே சொருகி ஆன் செய்தான். திரை வந்தது.

"வேலை பாக்காம உட்டா ஸ்கிரீன் தூங்குதுல்ல, அப்ப இந்த கார்டு ஹேங் ஆயிடுது மாமா. ஹார்டு டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆவல."

மகளின் கையை அப்பா பிடித்திருந்த படம் பத்திரமாக இருந்தது. அங்கேயே அதை அவளுக்கு அனுப்பிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தேன்.

இப்போது திரை தானாக அணையாதபடி வைத்திருக்கிறேன். எழுந்து போகும்போது மானிட்டரை நானே அணைப்பேன். படங்களை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழிக்கிறேன்.