மாமாவின் பச்சை ஸ்வெட்டர்

மாமா இறந்த பிறகு வந்த மழைக்காலத்தில், அவருடைய பொருட்கள் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போகத் தொடங்கின. முதலில் குரங்குக் குல்லா. அடுத்து வெந்நீர் பிளாஸ்க். பிறகு, முழங்கை கிழிந்த இடத்தில் அத்தை சிவப்பு நூலால் இழையோட்டிக் கொடுத்திருந்த பச்சை ஸ்வெட்டர். கொடியில் கிடந்தது, மேகம் இறங்கி விலகியதும் பார்த்தால் கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா போனதும் அப்பா அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். எங்கள் ஊர் பேத்துப்பாறையைத் தாண்டி, காபித் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. பீன்ஸ் மூட்டைகளோடு கொடைக்கானலுக்குப் போன ஜீப் ஒரு வளைவில் கவிழ்ந்ததில் மாமா அங்கேயே முடிந்துபோனார். ஓட்டியவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. குடித்திருந்தான் என்றது ஊர். மேகம் மறைத்துவிட்டது என்றான் அவன். அவன் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் எங்கள் கோயிலுக்கு வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாதான் ஜெபம் நடத்துவார். இயேசுவின் இரக்கத்தைப் பற்றி அவர் பேசினால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். ஜீப்காரன் வீட்டுப் பக்கம் ஊரில் ஒருவரும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு செய்தவரும் அவர்தான். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

அத்தைக்கு ஜெபமே வரவில்லை. கோயிலில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் நிற்பாள். துக்கத்தில் விசுவாசம் விட்டுப்போச்சு என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் காபிப்பழம் பறிக்கப் போன பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்து, எங்கள் வாசலில் கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒங்க வீட்டு மாப்பிள்ளையப் பாத்தேங்க. தோட்டத்துக்குக் கீழ. அதே பச்சைச் சட்ட, அதே குல்லா. பேசாம ஒக்காந்திருக்காரு. மேகம் வந்து மூடிருச்சு."

அம்மா வீடு முழுக்கத் தீர்த்தம் தெளித்தாள். அடுப்படியில் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது: "அவளக் கூப்பிடத்தான் வர்றாரு. கூட்டிக்கிட்டுப் போயிருவாருங்க."

எனக்கு அப்போது பத்து வயது. அத்தையின் பக்கத்தில்தான் படுப்பேன். அவள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள். மத்தியானம் மேகம் இறங்கியதும் காணாமல் போவாள். திரும்பி வரும்போது சேலை முழங்கால்வரை நனைந்திருக்கும். அவள் கைகளில் டெட்டால் வாடை. அதற்கடியில் வேறொரு வாடை, எலி செத்துக் கிடக்கும் இடத்தில் வருவது போல. செத்துப்போன மாமாவின் கையைப் பிடித்து நடந்தால் அப்படித்தான் மணக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, அவளை விடக் கூடாது என்று பின்னாலேயே போனேன். காபிச் செடிகளுக்குள் மேகம் ஆள் நடப்பது போல நுழைந்தது. நாலு செடி தள்ளி அத்தையின் முதுகு தெரிந்தது, பிறகு தெரியவில்லை. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். நான் நின்றால் அதுவும் நின்றுவிடுவது போல இருந்தது. சரிவின் அடியில் யாரோ இருமினார்கள்.

மேகம் கொஞ்சம் கிழிந்தது. ஒரு தகர வீட்டு வாசலில் இழுத்துப் போட்ட கட்டிலில், மூட்டையில் சாய்ந்து, எனக்கு முதுகு காட்டி மாமா உட்கார்ந்திருந்தார். குல்லா. பச்சை ஸ்வெட்டர். முழங்கையில் சிவப்பு நூல். அத்தை அவருடைய பாதத்தை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா!" என்று கத்திவிட்டேன்.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். குல்லாவுக்குள் இருந்தது மாமாவின் முகம் இல்லை. கன்னம் ஒட்டி, தாடி மண்டி, வேறு யாரோ. ஜீப்காரன் என்று புரிய நேரமாயிற்று. புரிந்த பிறகுதான் நான் அலறினேன். மாமாவாக இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

என் அலறல் மேல் தோட்டத்தில் மரக்கிளை கழித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்டிருக்கிறது. அரிவாளோடு இறங்கி வந்தார். கட்டிலைப் பார்த்தார். ஸ்வெட்டரைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? ஒம் புருசன் சட்டைய இவனுக்கா போட்டு விட்டிருக்க?"

"குளுருதுண்ணே அவருக்கு."

"ஒந் தாலிய அறுத்தவன் இவன்!"

"தெரியும்ணே." அத்தை குரலை உயர்த்தவில்லை. வாளியில் துணியை நனைத்துப் பிழிந்தாள். "முதுகுப் புண்ணுல புழு வச்சிருச்சு. தெனமும் கழுவணும். ஒத்தையில பெரட்ட முடியல. வெரசா அந்தப் பக்கம் பிடிங்கண்ணே, தண்ணி ஆறிப் போவுது."

அப்பா அசையவில்லை. மேகம் எங்களுக்கு நடுவே வந்து நின்றது. ஆட்கள் மறைந்தார்கள், அரிவாளின் முனை மட்டும் வெள்ளையில் கொஞ்ச நேரம் தொங்கியது. அதுவும் மறைந்தது. அந்தச் சில நிமிடங்களில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். பிறகு கல்லின் மேல் இரும்பு விழும் சத்தம் கேட்டது.

மேகம் விலகியபோது அப்பா கட்டிலோரம் மண்டியிட்டிருந்தார். அவருடைய இரண்டு கைகளும் அந்தப் பச்சை ஸ்வெட்டரின் கக்கத்துக்குள் இருந்தன. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, அந்த உடம்பைத் தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தார். அத்தை ஸ்வெட்டரைத் தூக்கிவிட்டு முதுகைத் துடைத்தாள்.

அப்போதுதான் ஜீப்காரர் அழ ஆரம்பித்தார். அப்பாவின் தோளில் வாயை வைத்துக்கொண்டு, குளிரில் கன்று கத்துவது போல.

"திட்டுங்கண்ணே. ஒரு வார்த்த திட்டிருங்க. இந்தம்மாவும் திட்ட மாட்டேங்குது."

அப்பா திட்டவில்லை. அத்தை துணியை மறுபடி நனைத்தாள்.

வெந்நீர் சூடு அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். தொட்டியிலிருந்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் மொண்டு வந்து வாளியில் ஊற்றினேன். அப்படியும் அவர் அழுகையை நிறுத்தவில்லை.