நசீறா வீட்டு இரத்தம்

புத்தளம் அகதி முகாமில் சுன்னத்து வைத்த சில நாளில், இரத்தம் நிற்காமலே நசீறாவின் தம்பி மௌத்தானான். போர் முடிந்து முசலிக்குத் திரும்பி வீட்டுக்குக் கூரை போட்ட வருடம், நசீறாவுக்கு மூத்தவளான ராத்தா ஸரீனாவின் மகன் பஸ்லானுக்குப் பால்பல் விழுந்தது. தலையணை முழுக்க இரத்தம். மன்னார் ஆஸ்பத்திரி கொழும்புக்கு அனுப்பியது. இரத்தத்தை உறைய வைக்கும் எட்டாம் காரணி அவன் உடலில் அறவே இல்லை. ஹீமோபீலியா என்றார்கள்; தாய்வழியாக ஆண்பிள்ளைக்கு இறங்கும் நோய்.

அப்போது நசீறா மூன்று மாதக் கர்ப்பிணி. அவளையும் சோதித்தார்கள்; அவளுடைய இரத்தத்தில் காரணி போதுமான அளவு இருந்தது.

"அளவு சரியெண்டா பயமில்லைதானே, டொக்டர்?" என்று கேட்டான் கணவன் சரிபுதீன்.

"அப்பிடிச் சொல்லேலாது," என்றார் கொழும்பு ஆஸ்பத்திரி டொக்டர் பெற்றிசியா. "நோயைச் சுமக்கிற பொம்பிளையளுக்கும் அளவு சரியா இருக்கலாம். மரபணுவைத்தான் பாக்கோணும். முதல்ல பஸ்லான்ர பிழை எதெண்டு பிடிப்பம். பிறகு அதையே இவவிட்டத் தேடலாம்."

சரிபுதீனின் தாயான மாமிக்கு விருப்பமில்லை. "ஊர் கதைக்கும் பிள்ளை. உங்கட குடும்பத்துக் குமருகளை ஆர் கலியாணம் முடிப்பாங்க?"

"தெரியாம இருந்துதான் மாமி தம்பியைப் பறிகுடுத்தம்," என்று சொல்லிவிட்டு நசீறா கொழும்புக்குப் பஸ் ஏறினாள்.

ஆய்வுகூடத்தில் பஸ்லானின் இரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். காரணியை உண்டாக்கும் மரபணுவின் பெரிய துண்டொன்று தலைகீழாகத் திரும்பி ஒட்டியிருந்தது. நசீறாவிடம் அந்த மரபணு இரண்டு. ஒன்று நேராக இருந்தது. மற்றது பஸ்லானுடையதைப் போலவே தலைகீழ்.

அவள் ஆஸ்பத்திரி வாங்கிலில் உட்கார்ந்து அழுதாள். சரிபுதீன் அவள் கையைப் பிடித்தான். "அழாதீங்க. எதோட சண்டை பிடிக்கிறமெண்டு இப்பத்தானே தெரிஞ்சிருக்கு."

காரணி மருந்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, ஆயுதம் போட்டு இழுக்காமல் பிரசவம் பார்த்தார்கள். ஆண்பிள்ளை. அவனுக்கும் நோய் இருப்பதைத் தொப்புள்கொடி இரத்தமே காட்டியது. ஆனால் இந்த முறை எல்லாரும் முந்திக்கொண்டார்கள். பிள்ளை வளர்ந்ததும் சுன்னத்தை ஆஸ்பத்திரியிலேயே, மருந்து ஏற்றிய பிறகு செய்தார்கள். கட்டைப் பிரித்த தாதி, "வந்து பாருங்கோ அம்மா, ஒரு சொட்டுமில்லை!" என்று கூப்பிட்டாள். நசீறா குனிந்து பார்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

முசலியில், ஒரே தட்டைச் சுற்றியிருந்து பலர் உண்ணும் சஹன் சாப்பாடு போட்டார்கள். பந்தியில் நசீறாவின் உறவுப் பெண்களிடம் மாமிதான் உரத்துச் சொன்னார்: "உங்கட பிள்ளையளையும் கொண்டுபோய்ச் சோதிச்சுப் பாருங்கோ!"

அடுத்த மாதம் நசீறாவின் தாய்வழிப் பெண்கள் ஒரு வேன் நிறையக் கொழும்புக்குப் போனார்கள். முன் ஆசனத்தில் நசீறா. ஆய்வுகூடத்துக்கும் வேலை சுலபம். தேட வேண்டிய பிழை இன்னதென்று ஏற்கெனவே தெரியும். சிலருக்கு அது இருந்தது, சிலருக்கு இல்லை. ஒருத்தியும் ஒளிக்கவில்லை.

அதன்பிறகு அந்தக் குடும்பத்தில் இரத்தம் ஓடி ஒரு பிள்ளையும் சாகவில்லை.