வடிகட்டிய தண்ணீர்

அப்போது நான் திருமயம் பக்கத்து ஊர் ஒன்றில் கிராம சேவக். விதை, உரம் பற்றிச் சொல்வதோடு தெருக்களைச் சுத்தமாக வைத்திருக்கச் செய்வதும் என் வேலை. மேலத் தெருவில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாசலிலேயே தேங்கி நாறும். அதைச் சாக்கடையில் திருப்பி, ஊர்க்கோடியில் கூழாங்கல், கரி, மணல் பரப்பிய தொட்டியில் வடிகட்டி, வாழைக்குப் பாய்ச்சலாம் என்று படம் போட்டவன் நான்தான்.

வாழைத் தோட்டம் பஞ்சாயத்துத் தலைவருடையது. "மேலத் தெரு எச்சித் தண்ணி என் கொல்லைக்கா? கெழக்கால திருப்புங்க தம்பி," என்றார்.

கிழக்கே சேரி. அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஊற்றுக்கிணறு. நான் படத்தை மாற்றி வரைந்தேன்.

வாய்க்கால் வெட்டியதும் சேரிக்காரர்கள்தான். நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் வழியே வெட்டிக்கொண்டு ஊற்றை நெருங்கியதும், மண் சுமந்த ஒரு பெண் கூடையை இறக்கி வைத்தாள்.

"சாமி, இங்கிட்டுத்தான எங்க ஊத்து இருக்கு? அழுக்கெல்லாம் இதுலல்ல வந்து எறங்கும்?"

"தொட்டியில வடிஞ்சுதான் வரும். சுத்தமா இருக்கும்," என்றேன். அவள் மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

திறப்பு விழாவைத் திடீரென்று முன்னதாகவே வைத்துவிட்டார்கள். கரி வந்து சேரவில்லை. கூழாங்கல்லும் பாதிதான். மேலே ஒரு சாண் மணலைப் பரப்பி மாவிலை கட்டினோம். ஜீப்பில் வந்த அதிகாரி, தொட்டியின் மறுபக்கம் ஒழுகியதைப் பார்த்து, "இது சுத்தமான தண்ணியா?" என்று கேட்டார்.

தலைவர் சிரித்தார். "குடிக்கவே செய்யலாங்க ஐயா." கூட்டத்துக்கு வெளியே நின்ற அந்தப் பெண்ணைக் கைகாட்டினார். "ஏய், இங்கிட்டு வா. ஊத்து கெட்டுப்போகும்னு சொன்னவ நீதான? குடிச்சுக் காட்டு."

யாரோ ஒரு கொட்டாங்குச்சியை அவள் முன்னால் எறிந்தார்கள். மொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதிகாரியிடம் உண்மையைச் சொல்லக்கூடியவன் அங்கே நான் ஒருவன்தான். கையிலிருந்த நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

குடித்தாள்.

"முழுசா," என்றார் தலைவர்.

முழுவதையும் குடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எட்டு நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தாள். அதற்குள் ஊற்றில் நுரை கட்டிவிட்டது. சேரிப் பெண்கள் தொலைவிலிருந்த கண்மாய்க்குக் குடம் தூக்கினார்கள். ஒன்பதாம் நாள் மேலத் தெருவில் சாக்கடை அள்ள வந்தவள், நிற்க முடியாமல் ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரைத் தொட்டதற்கு உள்ளேயிருந்து ஒரு அம்மாள் திட்டினாள். அவள் கையை எடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒடம்பு தேவலையா?" என்று கேட்டேன்.

"சுத்தமா இருக்கும்னு தெரிஞ்சுதான சாமி சொன்னீங்க?" குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

அந்த மாத அறிக்கையில் திட்டம் நன்றாக நடப்பதாக எழுதினேன். மற்ற ஊர்க்காரர்களை அழைத்துவந்து காட்டும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. மாற்றல் கிடைக்கும்வரை, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.