இரண்டாவது சனிக்கிழமை

டோரீன் ஹாக்கெட்டுக்கு மறதி கிடையாது. எழுபத்திரண்டு வயதில் பலருக்கும் மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் நினைவிருக்காது. அவளுக்கோ பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி எந்த நிறச் சட்டை போட்டுக்கொண்டு, எந்தக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னாள் என்பது வரைக்கும் நினைவிருந்தது. பச்சைச் சட்டை. இடது கை. சொன்னதைப் பிறகு பார்ப்போம்.

மேல்காம்பின், கீழ்காம்பின், ஹிங்கோட், பிராட்மியர் என்று அடுத்தடுத்து நான்கு கிராமங்கள். நாலுக்கும் சேர்த்து ஒரே பாதிரியார், ஒரே மருத்துவர், ஒரே பத்திரிகை. 'நாலூர்ச் செய்தி' என்று அதற்குப் பெயர். மாதம் ஒன்றாம் தேதி வீட்டுக்கு வீடு வரும். செல்போன் கோபுரம் எட்டாத பள்ளத்தாக்கு அது. பாதிரியாரும் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளை அந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் படிப்பார். அதில் வந்தால் நடந்தது, வராவிட்டால் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பத்திரிகையின் உயிர் நடுப்பக்கத்தில் இருந்தது. தேதிப் பக்கம். எந்த நாளில் எந்த ஊரில் என்ன என்று அதில் போட்டிருக்கும். ஒரு நாளுக்கு ஒரு விசேஷம்தான். முதலில் எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நாள், மற்றவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதிக் கொடுக்கும் படிவம் முந்தின மாதம் பதினைந்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்துசேர வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது. இந்த விதிகளை எல்லாம் போட்டவள் ரோசாலிண்ட் பெவிஸ். மேல்காம்பின் பெரிய வீட்டுக்காரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள்தான் பத்திரிகை ஆசிரியை.

டோரீனின் கணவர் வில்ஃப் முப்பத்தோரு வருஷம் அந்த நான்கு ஊர்களுக்கும் தபால்காரராக இருந்தவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கிழவிக்குக் கடிதம் படித்துக் காட்ட வேண்டும், எந்த வீட்டில் அரசாங்க உறையைப் பார்த்தாலே கை நடுங்கும் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் மிதிக்காத வாசல் நாலூரில் ஒன்றுகூட இல்லை. ஆகஸ்டு பதினொன்றாம் தேதி செத்துப்போனார். இறுதிச் சடங்கு செப்டம்பர் முதல் வெள்ளி என்று தேவாலயத்தில் முடிவானது பதினைந்தாம் தேதி காலையில். டோரீன் படிவத்தை எழுதி எடுத்துக்கொண்டு பெரிய வீட்டுக்கு நடந்து போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால்.

"அடடா, டோரீன்மா," என்றாள் ரோசாலிண்ட், கதவை இடது கையால் பிடித்துக்கொண்டு. "பன்னெண்டோட முடிஞ்சிருச்சே."

"மிசஸ் பெவிஸ், காலையிலதான் தேதியே குடுத்தாங்க. ரெண்டு வரிதான். ஒரு ஓரமாப் போட்டாக்கூடப் போதும்."

"எனக்குப் புரியுது. ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். அதுவும் போக, அந்த வெள்ளிக்கிழமை என் அறுவடை விருந்துன்னு ஏற்கெனவே போட்டாச்சு. ஒரு நாளுக்கு ஒண்ணுதானே?"

பாதிரியார் அந்த மாதம் விடுமுறையில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவருக்கு ஊர்ப் பெயர்களே சரியாக வாயில் நுழையவில்லை. முதல் வெள்ளியன்று டோரீன் விடிகாலையில் எழுந்து நூற்றிருபது முட்டை சாண்ட்விச் செய்து ஊர்க்கூடத்தில் அடுக்கி வைத்திருந்தாள். வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் இரண்டு பேர் பிணப்பெட்டிக் கம்பெனி ஆட்கள். அதே நேரத்தில் பெரிய வீட்டில் அறுபது பேர் வான்கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அறுபது பேரில் அன்றைக்குச் சடங்கு என்று தெரிந்தவள் ஒருத்திதான். வீட்டுக்காரி. அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

பிறகு கடைத்தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் "ஐயோ, தெரியாமப் போச்சே" என்றார்கள். அக்டோபர் இதழில் ரோசாலிண்ட் இரண்டு வரி போட்டாள்: 'முன்னாள் தபால்காரர் வில்ஃப் ஹாக்கெட்டின் இறுதிச் சடங்கு அமைதியாக நடந்தது. வந்திருந்தோர் சிலர்.' டோரீன் அதைக் கத்தரித்து, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். தினமும் தேயிலை டப்பாவை எடுக்கும்போது படிப்பாள். மன்னிக்கத் தெரிந்தவர்களைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். இவள் அந்தச் சாதி இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ரோசாலிண்டுக்குப் பத்திரிகை சலித்துப்போயிற்று. ஊராட்சித் தலைவி ஆகிவிட்டாள். "உனக்குத்தான் நேரம் நிறைய இருக்கே டோரீன்மா" என்று சொல்லி, பெட்டி நிறையக் காகிதங்களை இவள் தலையில் கட்டினாள். டோரீன் முகத்தில் எதையும் காட்டாமல் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டுப் பூனை அலமாரிக்கு மேல் ஏறிக்கொண்டது.

ஆனால் உடனே எதுவும் செய்யவில்லை. அவளே எழுதி, ஊர்க்கூடத்து இயந்திரத்தில் நகல் எடுத்து, சமையலறை மேஜையில் வைத்துப் பின் குத்தி, வில்ஃப் நடந்த அதே வழியில் நடந்து வீட்டுக்கு வீடு போட்டாள். அப்படிப் போட்டுக்கொண்டு வந்ததில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை என்றால் பெரிய வீட்டுத் தோட்டத் திறப்பு. இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான். நாலூரும் திரண்டு போய் ரோஜாக்களைப் பார்த்து, ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியும் ஜாமும் பாலேடும் சாப்பிட்டுவிட்டு வரும். அதற்கு ரோசாலிண்ட் ஒரு வருஷம்கூடப் படிவம் கொடுத்ததில்லை. அது தன் நாள், ஊருக்கே தெரியும், இதற்குப் போய் ஒரு படிவமா என்ற நினைப்பு. சுவரொட்டி ஒட்டுவதும் அவளுக்குக் கௌரவக் குறைச்சல். டோரீன்தான் ஒவ்வொரு வருஷமும் தன் கையால் தேதிப் பக்கத்தில் அந்த நாளின் கட்டத்தில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வருஷம் எழுதினாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

இன்னொன்றும் தெரிந்தது. பெரிய வீட்டு வாசலறையில் சேற்றுச் செருப்புகளுக்கு அடியில் விரித்திருப்பது நாலூர்ச் செய்திதான். மடிப்புக்கூடக் கலையாத இதழ்கள்.

ஒன்பதாவது வருஷம் பிப்ரவரியில் பெஞ்சு போயிற்று. மேல்காம்பின் புல்வெளி ஓரத்தில் வில்ஃப் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பத்து நிமிஷம் உட்காரும் இடத்தில், அவர் பெயர் பொறித்து டோரீன் போட்டிருந்த மரப் பெஞ்சு. இருபத்தைந்தாவது தோட்டத் திறப்புக்கு மாவட்டத் தோட்டச் சங்கத்துப் பெரிய மனிதர்கள் காரில் வரப்போகிறார்களாம். கார் நிறுத்த இடம் வேண்டும். ஊராட்சித் தலைவி உத்தரவு போட்டுவிட்டாள். டோரீன் தேடிக்கொண்டு போனபோது பெஞ்சு ஊர்க்கூடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில், கால் மேலே தூக்கிக் கிடந்தது.

"அது உளுத்துப்போச்சு டோரீன்மா," என்றாள் ரோசாலிண்ட், அஞ்சலகத்து வரிசையில் நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழும்படி. "யாராவது விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?"

"ஆமா, மிசஸ் பெவிஸ்," என்றாள் டோரீன். "விழக் கூடாதுதான்."

மே மாதம் பதினைந்தாம் தேதி சமையலறைக் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பதினொன்றரை. பதினொன்றே முக்கால். படிவம் வந்தால் போட்டுவிடுவது என்று தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள், விதி என்றால் விதிதானே. பன்னிரண்டு அடித்தது. ஜூன் பதின்மூன்றாம் தேதிக் கட்டம் வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்திலிருந்த தொலைபேசியை எடுத்துக் கீழ்காம்பின் தேவாலயத்து மணியடிப்போர் குழுத் தலைவன் கிளைவ் ட்ரெம்லெட்டைக் கூப்பிட்டாள். அவன் ஏப்ரலிலேயே படிவம் கொடுத்திருந்தான், 'வாத்துப் பந்தயம், ஜூனில் காலியாக உள்ள ஏதேனும் ஒரு சனிக்கிழமை' என்று எழுதி.

"கிளைவ், பதிமூணாந்தேதி காலியா இருக்கு. போட்டுரட்டுமா?"

"பதிமூணா? ரெண்டாவது சனிக்கிழமை பெரிய வீட்டம்மா நாளாச்சே?"

"படிவம் வரலையே."

"வரலையா? அப்போ இந்த வருஷம் திறக்கலையோ? இடுப்பு வலின்னு யாரோ சொன்னாங்க. ஐயோ பாவம், அவ்வளவு முடியலையா?"

"எனக்கென்ன தெரியும்? வந்த படிவத்தைப் போடறதுதான் என் வேலை."

"சரி சரி, போட்டுருங்க. அந்தம்மாகிட்ட நாம போயிக் கேக்கறதும் நல்லா இருக்காது."

இங்கேதான் அந்த ஊர்க்காரர்களின் குணத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் தலைகீழாக நடந்துபோனாலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்பது மூக்கை நுழைப்பது. ஜூன் ஒன்றாம் தேதி இதழைப் பார்த்து நாலூரும் பெரிய வீட்டம்மாவுக்காக இரக்கப்பட்டது. இடுப்பு வலி ஹிங்கோட்டைத் தாண்டும்போது அறுவை சிகிச்சையாகி, பிராட்மியர் போய்ச் சேரும்போது அதைவிடப் பெரிய நோயாகிவிட்டது. ஒருவர்கூட அவளிடம் வாய் திறக்கவில்லை. ரொட்டிக்கடை ஓட்ரி மட்டும், "நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க" என்றாள். ரோசாலிண்ட் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். இருநூறு ஸ்கோனுக்கு மாவு வாங்கிக்கொண்டு போனாள்.

பதின்மூன்றாம் தேதி நல்ல வெயில். டோரீன் தன் ஒரே நல்ல தொப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணிக்குப் பெரிய வீட்டுக் கதவைத் தள்ளினாள். புல்வெளியில் வெள்ளை விரிப்புப் போட்ட பதினைந்து மேஜைகள், அறுபது காலி நாற்காலிகள். தோட்டச் சங்கத்துப் பெரிய மனிதர்கள் வந்து, கூட்டமே இல்லாத புல்வெளியைப் பார்த்து, தேதி தப்பிவிட்டதோ என்று சங்கடப்பட்டு, இருபது நிமிஷத்தில் கிளம்பிப் போயிருந்தார்கள். ரோசாலிண்ட் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தாள்.

"டோரீன்! வா வா. மத்தவங்கல்லாம் எங்க?"

"கீழ்காம்பின்ல. ஓடையில வாத்துப் பந்தயம் நடக்குது. ஐந்நூறு பிளாஸ்டிக் வாத்து விட்டிருக்காங்களாம். ஊரே அங்கதான் நிக்குது."

"இன்னிக்கா? இன்னிக்கு என் நாளாச்சே!"

"தேதிப் பக்கத்துல இல்லையே, மிசஸ் பெவிஸ்."

"நீ ஏன் போடல?"

"படிவம் வரல. பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

"நான் எந்தக் காலத்துல படிவம் குடுத்தேன்? நீயாத்தான போடுவ!"

"ஆமா. போட்டுக்கிட்டு இருந்தேன்." டோரீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ஸ்கோனை எடுத்துப் பிளந்தாள். "ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். நீங்கதான் சொன்னீங்க."

"நானா? எப்ப சொன்னேன்?"

நடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததுமே டோரீனுக்குத் தெரிந்துவிட்டது. உண்மையாகவே நினைவில்லை. பதினோரு வருஷமாகத் தான் தினமும் எடுத்து எடுத்துப் பார்த்த ஒன்றை இந்தப் பொம்பளை அன்றைக்குச் சாயங்காலமே மறந்திருக்கிறாள். இத்தனை நாள் சேர்த்து வைத்த கோபமெல்லாம் இப்போதுதான் நியாயமாயிற்று என்றுகூடப் பட்டது. நாளைச் சொன்னாள், மணியைச் சொன்னாள், பச்சைச் சட்டையைச் சொன்னாள். வான்கோழியைச் சொன்னாள். வந்த ஒன்பது பேரையும் பெயர் பெயராகச் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. ரோசாலிண்ட் மெல்ல எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான்... விதியத்தான் சொல்லியிருப்பேன்."

"நானும் அதத்தான் பார்த்தேன்."

"டோரீன், இதுக்காகவா? ஒரு தபால்கார..." என்று ஆரம்பித்தவள், எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு அடுக்கி வைத்த தட்டுகள் பக்கம் திரும்பினாள். "இத்தனையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"ஃப்ரீசர்ல வைங்க. ஸ்கோன் தாங்கும். முட்டை சாண்ட்விச்தான் தாங்காது. நாலு நாள் தின்னேன், எனக்குத் தெரியும்."

பாவம் என்று தோன்றியதா என்றால், இல்லை. நெஞ்சு குளிர்ந்தது. ஸ்கோன் நன்றாக இருந்தது. இன்னொன்று எடுத்து, ஜாம் தடவி, அவசரமே இல்லாமல் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஜூலை இதழின் முதல் பிரதியை ஒன்றாம் தேதி பெரிய வீட்டில்தான் போட்டாள். அந்த இதழ் செருப்புக்கு அடியில் போகவில்லை. கதவுக்குள்ளேயே நின்று பிரிக்கும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. நான்காம் பக்கத்தில் இரண்டு வரி: 'மேல்காம்பின் பெரிய வீட்டுத் தோட்டத் திறப்பு அமைதியாக நடந்தது. வந்திருந்தோர் சிலர்.'

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டோரீன் வீட்டுத் தபால் துளை வழியாக ஒரு படிவம் விழுந்தது. ரோசாலிண்டின் கையெழுத்து, அடிக்கோடு எல்லாம் போட்டு. அடுத்த வருஷம் ஜூன், இரண்டாவது சனிக்கிழமை, தோட்டத் திறப்பு. பதினோரு மாதம் முன்கூட்டியே.

டோரீன் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, அடுத்த வருஷத்துத் தேதிக் குறிப்பேட்டைப் பிரித்தாள். அந்தக் கட்டத்தில் மையால் ஏற்கெனவே எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்த நாள்: ஜூன் பதினான்கு. கொடுத்தவர்: திருமதி ஹாக்கெட். அவள் ஒரு சிறு அட்டையை எடுத்துப் பதில் எழுதினாள்.

'அன்புள்ள மிசஸ் பெவிஸ், தங்கள் படிவம் கிடைத்தது. நீங்கள் கேட்ட நாள் வில்ஃப் ஹாக்கெட் நினைவு நடைக்காக ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அவர் தபால் போட்ட வழியில், நான்கு ஊர்களிலும், எல்லா வாசல்களுக்கும் போகிறோம். உங்கள் வாசலுக்கு மூன்று மணிக்கு வருவோம். முடிவில் ஊர்க்கூடத்தில் முட்டை சாண்ட்விச் உண்டு.'