வணக்கம் வைத்த நரி

என் மாமாவை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தது ஒரு நரி என்று எங்கள் வீட்டில் இன்றும் நம்புகிறார்கள். அந்த நரியை ஏற்பாடு செய்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

பரங்கிப்பேட்டையை ஒட்டிய கடைசித் தெருவில் எங்கள் வீடு. கொல்லை வேலிக்கு அப்பால் கொஞ்சம் மணல்வெளி, அதைத் தாண்டிச் சவுக்குத் தோப்பு. பொழுது சாய்ந்ததும் தோப்பில் ஒரு நரி ஊளையிடத் தொடங்கும். பிறகு தோப்பே சேர்ந்துகொள்ளும். நான் வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டுக் கொல்லைப்படிக்கு ஓடுவேன். பயமாகவும் இருக்கும், அது நின்றுவிடக் கூடாதே என்றும் இருக்கும். அதற்குப் பிறகு எந்தத் திருவிழாச் சத்தமும் என்னை அப்படி ஆட்டியதில்லை.

அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். தெருவில் பாதி வீட்டு ஆண்கள் துபாயிலும் குவைத்திலும் இருக்க, அவர் மட்டும் இரண்டு இன்டர்வியூவுக்குச் சென்னை போய் இரண்டிலும் தோற்றுத் திரும்பியிருந்தார். முதல் தடவை பூனை குறுக்கே போனதாம். இரண்டாம் தடவை எழுந்ததும் அப்பா முகத்தில் விழித்துவிட்டாராம். இது காதில் விழுந்ததிலிருந்து அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

"இந்த வாட்டி நரி மொகத்துல முழிச்சிட்டுப் போனா போதும் பாப்பா, ஏரோப்ளேன்தான்" என்றார் மாமா.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இதுவும் தவறினால் சவுக்கு வெட்டும் கூலிக்குத்தான் போக வேண்டும் என்று அம்மாவிடம் அவர் சொன்னதையும் நான் கேட்டிருந்தேன். நரியை வரவழைப்பது என் பொறுப்பு என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்தச் சமயம் எங்கள் நாய்க்குட்டிக்கு உடம்பு சரியில்லை. மூக்கு ஒழுகியது, கண்ணெல்லாம் பீளை. மீன்குழம்புச் சோற்றை இரண்டு நக்கு நக்கிவிட்டுப் படுத்துக்கொள்ளும். வீணாகப் போகிற சோறுதானே? விடிந்தும் விடியாமலும் அது மிச்சம் வைத்த சோற்றை அதன் அலுமினியத் தட்டோடு அப்படியே எடுத்துப் போய் வேலிக்கு அப்பால் மணலில் வைத்தேன். மூன்றாம் நாள் நரி வந்தது. நாயைப் போலத்தான் இருந்தது, ஆனால் நாயே இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது. நான் மூச்சு விட்டதற்கே காணாமல் போனது. மறுநாளும் வந்தது. குட்டி செத்துப் போய் அப்பா அதைப் புதைத்த பிறகும், நான் வைத்த மீன்தலைக்கு வந்தது. பிறகு, இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வருவதை நிறுத்திக்கொண்டது.

அந்தக் காலையில் மாமா வேறு எதையும் பார்த்துவிடாமல் இருக்கத் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். நான் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். நரி இல்லை. வெயில் ஏறியது. பஸ் போய்விடும் என்று அம்மா முணுமுணுத்தாள்.

அப்போது வந்தது. பட்டப்பகலில், பதுங்காமல், திறந்த மணலில் நேராக எங்களை நோக்கி நடந்து வந்தது. வேலிப் படலுக்கு அப்பால் பத்தடி தூரத்தில் நின்றது. வெயில் பட்டு அதன் முதுகு பொன்னாக மின்னியது. வாய் எதையோ மென்றுகொண்டே இருந்தது. என் கண்ணையே பார்த்தது. காட்டிலுள்ள ஒன்று என்னைத் தேடி வந்து நிற்கிறது என்ற நினைப்பில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமா துண்டை அவிழ்த்தார்.

வெறிபிடித்த நரியாக இருக்கும், உள்ளே வாருங்கள் என்று அப்பா கம்பை எடுத்தார். அந்த நேரம் பார்த்து நரியின் முன்னங்கால்கள் மடங்கின. தலை மணலைத் தொட்டது.

அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கம்ப கீழ போடுங்க. வணக்கம் வெக்கிது பாருங்க."

எல்லோரும் கும்பிட்டோம். அப்பாவும்தான். நரி தட்டுத்தடுமாறி எழுந்து, வந்த வழியே தோப்புக்குள் போனது. மாமாவுக்கு வேலை கிடைத்தது.

சென்ற மாதம் என் நாய்க்குத் தடுப்பூசி போடச் சிதம்பரத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் மடியில் ஒரு குட்டி, கண்ணெல்லாம் பீளை. வாயில் ஒன்றுமில்லாமலே மென்றுகொண்டிருந்தது. முன்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டரம்மா அவரிடம் சொன்னார்: "இது நக்குன தட்டுல வேற எதுக்கும் சோறு வெக்காதீங்க. நாய்க்கு மட்டுமில்ல, நரிக்குக்கூட இந்தச் சீக்கு ஒட்டிக்கும்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் நாய்கள் எத்தனையோ அந்தத் தோப்புக்குள் போய் வந்தன, என் தட்டுதான் என்று யாரும் சாதிக்க முடியாது. இதை எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன். மாமா இன்றும் ஃபோனில், "எல்லாம் உன் நரி போட்ட பிச்ச" என்கிறார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

மாமா விமானம் ஏறிய மாதமே தோப்பில் ஊளை குறைந்து, பிறகு நின்றே போனது. நரியெல்லாம் எங்கே என்று அப்போது அம்மாவைக் கேட்டேன். வந்த வேலை முடிந்தது, போய்விட்டன என்றாள். எனக்கு அது சரியாகவே பட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும், எங்கள் வீட்டுக்காகத்தான் அவை அந்தத் தோப்பில் இருந்தன என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.